‘வீட்டில் விழுந்ததாகச் சொல்’ என்றார் குத்தகையாளர்

கேள்வி:

வணக்கம் அம்மா. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் மூன்று வருஷமாக ஒரு குத்தகையாளரிடம் குலை வெட்டுகிறார். ஜூன் 17-ஆம் தேதி காலையில், வெட்டிய குலை ஒன்று அவருடைய வலது தோளில் விழுந்துவிட்டது. குத்தகையாளரே காரில் ஏற்றிப் பட்டணத்தில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனார். டாக்டரிடம் “குளியலறையில் வழுக்கி விழுந்துட்டான்” என்று அவரே சொன்னார். இரவில் வலி தாங்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். “வேலையில் அடிபட்டது என்று சொன்னால் கேஸாகும், உன் வேலைதான் போகும்” என்று குத்தகையாளர் போனில் பயமுறுத்தியிருந்தார். அதனால் இவரும் வீட்டில் விழுந்ததாகவே சொல்லிவிட்டார். பல மணி நேரம் காத்திருந்து வலி மாத்திரையோடு திரும்பினோம். நாலாம் நாள் மறுபடி போனபோதுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். காறை எலும்பு முறிந்திருந்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. இன்னும் கையைத் தூக்க முடியவில்லை, விரல் மரத்துப்போகிறது. நரம்பும் பட்டிருக்கலாம் என்கிறார்கள். அடுத்த அப்பாயின்மெண்ட் செப்டம்பர் 9-இல்.

குத்தகையாளர் ஒரு தாளைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டால் 2,000 வெள்ளி (ரிங்கிட்) தருகிறேன், அதோடு எல்லாம் முடிந்தது என்கிறார். சம்பளத்தில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்ததாக ஞாபகமே இல்லை. ஜூன் மாதம் வேலை செய்த நாட்களுக்கும் சம்பளம் வரவில்லை. ஒட்டுக்கடையில் பார்த்த ஒருவர், ஆஸ்பத்திரி மேலும் தோட்டத்தின் மேலும் கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் வரும், ஜெயித்தால் பாதி கொடுத்தால் போதும், வக்கீலை அவரே பார்த்துத் தருகிறேன் என்கிறார். எதை நம்புவது? பொய் சொன்னதற்காக இவரைப் பிடிப்பார்களா?

(பெயர் வேண்டாம்), பேராக்

பதில்:

அன்புள்ள சகோதரி,

அந்தத் தாளில் கையெழுத்துப் போடவேண்டாம். மற்றதை மெதுவாகப் பேசலாம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி வாசித்தேன். மலாயில் ஆறு வரி. கடைசி வரியில் 2,000 வெள்ளி என்று இருப்பதால் யாருக்கும் கண் அங்கேதான் போகும். எனக்குக் கவலை இரண்டாவது வரி. ‘மேற்படி நபர் தம் வீட்டில் தவறி விழுந்து காயமடைந்தார்’ என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சொக்சோ நிறுவனம் தரும் பணம் குத்தகையாளர் பையிலிருந்து வருவதில்லை. ஆகவே அவரோடு போடும் ஒரு தாளால் அந்த உரிமை போய்விடாது. ஆனால் வேலையில் அடிபடவே இல்லை என்று உங்கள் வீட்டுக்காரரே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நாளைக்கு அதைத்தான் எல்லா இடத்திலும் நீட்டுவார். 2,000 வெள்ளிக்கு அவர் விலை பேசுவது அந்த ஒரு வரியைத்தான். கையெழுத்து எதுவும் கேட்காமல் உதவியாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்து, போகிற போக்கில் நீங்கள் எழுதிய ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன். ஜூன் மாதச் சம்பளம் வரவில்லை என்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே மிக அவசரமான விஷயம் அதுதான். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பள மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் கைக்கு வந்திருக்க வேண்டும். ஜூன் சம்பளம் ஜூலை 7-க்குள் வந்திருக்க வேண்டும். குத்தகையாளர் கொடுக்காவிட்டால், வேலை யாருடைய தோட்டத்தில் நடந்ததோ அந்த நிறுவனமும் அதற்குப் பொறுப்பு. தொடர்ச்சியாக மூன்று மாதச் சம்பளம் வரை அதனிடம் கேட்கலாம் என்று அதே சட்டத்தின் 33-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் தோட்ட நிறுவனத்தைப் பொறுப்பாக்க வேண்டுமென்றால், சம்பளம் தரவேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது அக்டோபர் முதல் வாரம். இப்போது ஆகஸ்டு முடியப்போகிறது. செப்டம்பரிலேயே தொழிலாளர் இலாகாவுக்குப் போய்விடுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அங்குள்ள அதிகாரியே இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்து உத்தரவு போடுவார்.

“அவன் என் தொழிலாளியே இல்லை, டன் கணக்குக்கு வேலை பார்க்கிறவன்” என்று குத்தகையாளர் அங்கே சொல்லக்கூடும். அப்படிச் சொல்லிவிட்டு நழுவுவது முன்பு சுலபமாக இருந்தது. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து சட்டம் மாறியிருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி வேலை செய்வது என்பதை அவர் தீர்மானிக்கிறார், கோல் அரிவாளை அவர் கொடுக்கிறார், உங்கள் வீட்டுக்காரருடைய வருமானத்தில் பெரும்பகுதி அவரிடமிருந்துதான் வருகிறது என்றால், தொழிலாளி என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில். காலையில் பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) போய், மண்டோர் (கங்காணி) பிரித்துக் கொடுத்த வரிசையில் குலை வெட்டிய ஒருவரைத் தனி வியாபாரி என்று காட்டுவது அவருக்குக் கஷ்டம்தான்.

தொழிலாளர் இலாகாவில் பதிவாகும் வாக்குமூலத்தால் இன்னொரு பலனும் உண்டு. யார் முதலாளி, எத்தனை வருஷ வேலை, மாதம் எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் ஓர் அரசாங்கக் கோப்பில் ஏறிவிடும். சொக்சோ கேட்கப்போவதும் அதே விவரங்கள்தான்.

சரி, சொக்சோவுக்கு வருவோம். ‘பிடித்ததாக ஞாபகமே இல்லை’ என்று நீங்கள் எழுதியதில் ‘ஆகவே கிடைக்காது’ என்ற பயம் தெரிகிறது. அந்தப் பயம் வேண்டாம். 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வேலை விபத்துக்கான திட்டத்துக்கு ‘இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை கிடையாது. வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி பதிவு செய்யவில்லை, சந்தா கட்டவில்லை என்றால் அது அவர் செய்த குற்றம். அதற்கான தண்டனையைத் தொழிலாளி தலையில் கட்டமாட்டார்கள். குத்தகையாளர் மூலமாக வேலைக்கு வந்தவருக்கும் சந்தா கட்டும் கடமை தோட்ட நிறுவனத்தின் மேலும் இருக்கிறது. ஆகவே விண்ணப்பத்தில் இரண்டு பெயர்களையும் எழுதுங்கள்.

குத்தகையாளர் இவ்வளவு பயந்து மறைத்தாரே, மாதம் 1,800 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒருவருக்கு முதலாளி கட்டவேண்டிய பங்கு ஏறக்குறைய 30 வெள்ளி. அதை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை இத்தனையும். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டியதும் அவர் கடமை. இந்தச் சட்டத்தை மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘கேஸாகும்’ என்று அவர் போனில் சொன்னது உண்மைதான். அது அவர் மேல் வரக்கூடிய கேஸ்.

என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் கொடுத்த எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) நாலு நாளுக்குக் குறையாமல் இருந்தால், அந்த நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு. மாதம் 1,800 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் நாள் சராசரி 60 வெள்ளி. எம்.சி. இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 48 வெள்ளி வரும். சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகும் கை பழையபடி ஆகவில்லை என்றால் சொக்சோவின் மருத்துவர் குழு கையைச் சோதித்து இத்தனை விழுக்காடு செயலிழப்பு என்று முடிவு செய்யும். இதற்கு 90 விழுக்காட்டுச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள். உதாரணத்துக்கு 30 விழுக்காடு இழப்பு என்றால், 60 வெள்ளியில் 90 விழுக்காடு 54, அதில் 30 விழுக்காடு 16 வெள்ளி 20 காசு. மாதத்துக்கு 486 வெள்ளி, ஆயுள் முழுக்க. மதிப்பீடு 20 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் மொத்தமாக ஒரே தடவை கொடுத்துவிடுவார்கள். 20-க்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் மொத்தமாக எடுத்துக்கொண்டு மிச்சத்தை மாதாமாதம் வாங்கலாம். மதிப்பீடு குறைவு என்று தோன்றினால் மேல்முறையீடு உண்டு. எந்தத் தேதிக்குள் என்பது முடிவுக் கடிதத்திலேயே இருக்கும். அதைப் படிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டுப் பிறகு ஓடிவருகிறவர்கள்தான் அதிகம். இந்தக் கணக்கோடு அந்த 2,000 வெள்ளியை வைத்துப் பாருங்கள்.

சராசரிச் சம்பளம் என்பதை விபத்துக்கு முந்தைய ஆறு மாதத்தை வைத்துப் பார்ப்பார்கள். குத்தகையாளர் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் உங்களிடம் ரசீது இருக்காது. ஆனால் குலை எண்ணிக்கை எழுதிய சிட்டை, உங்கள் வீட்டுக்காரரே குறித்துவைத்த நோட்டுப் புத்தகம், சம்பள நாளில் வங்கியில் போட்ட பணம், ‘இந்த மாசம் இவ்வளவு’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, எதுவானாலும் எடுத்து வையுங்கள். போனை மாற்றவோ, பழைய செய்திகளை அழிக்கவோ வேண்டாம். அவர் குரல் செய்தி ஏதாவது அனுப்பியிருந்தால் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை.

வெறும் பணத்தோடு முடிகிற விஷயமும் இல்லை இது. வேலை விபத்து என்று ஏற்றுக்கொண்டால் சிகிச்சையும் மறுவாழ்வுப் பயிற்சியும் சொக்சோ பொறுப்பு. மலாக்காவில் அவர்களுக்கென்றே பெரிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. இப்போது ஈப்போவில் மேரு ராயாவிலும் ஒன்று வந்திருக்கிறது. மறுபடி வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்றையும் 2007-இலிருந்து நடத்துகிறார்கள். குலை வெட்ட முடியாத கைக்கு வேறு என்ன வேலை என்று பார்த்துத் தருவார்கள். நரம்பு அடிபட்ட கைக்குப் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆகவே மனு போடுவதில் ஒரு மாதம் தாமதித்தால் பணம் ஒரு மாதம் தள்ளிப்போகும், கை அதைவிட அதிகமாக இழக்கக்கூடும்.

இப்போது அந்தப் பொய்யைப் பற்றி. இதைக் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள்.

‘குளியலறையில் வழுக்கி விழுந்தார்’ என்று கேட்ட டாக்டர் ஒரு விதமாகச் சோதிப்பார். ‘தலைக்கு மேலே உயரத்திலிருந்து இருபது கிலோ குலை தோளில் விழுந்தது’ என்று கேட்டவர் வேறு விதமாகச் சோதிப்பார். கழுத்தைப் பார்ப்பார், தோளுக்கடியில் ஓடும் நரம்புக் கற்றையை நினைப்பார், விரல்களை அசைக்கச் சொல்வார், படம் எடுக்கச் சொல்வார். அவசரப் பிரிவில் யாரை முதலில் பார்ப்பது என்று தீர்மானிப்பதும் நீங்கள் சொல்லும் கதையை வைத்துத்தான். அன்று இரவு நீங்கள் அவ்வளவு நேரம் காத்திருந்ததற்கும் எக்ஸ்ரே எடுக்காமல் அனுப்பியதற்கும் அந்தக் கதை எவ்வளவு காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. சொக்சோ சட்டத்துக்குப் பயந்து ஒரு முதலாளி சொன்ன பொய் உங்கள் வீட்டுக்காரருடைய சிகிச்சையையே திசை திருப்பியிருக்கலாம். எனக்கு அந்த ஆள் மேல் கோபம் வருவது சந்தா கட்டாததற்காக அல்ல, இதற்காகத்தான்.

முன்பெல்லாம் தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) இருந்தார். காட்டில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியும், புத்தகத்தில் அப்படியே எழுதுவார். அந்த ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் மூடியாகிவிட்டன. இப்போது பட்டணத்துக் கடை வரிசையில் இருக்கும் கிளினிக்குக்குக் குத்தகையாளர் காரில் கூட்டிப்போகிறார், டாக்டர் அறைக்குள்ளும் கூடவே நுழைகிறார், நோயாளிக்குப் பதிலாக அவரே பேசுகிறார். இதைப் படிக்கிற மற்றவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: டாக்டரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று கேட்கலாம். பில் யார் கட்டினாலும் சரி, உள்ளே நோயாளி நீங்கள்தான்.

பழைய குறிப்பை அழிக்கச் சொல்லாதீர்கள். மருத்துவப் பதிவை யாரும் அழிக்கமாட்டார்கள், அழிக்கவும் கூடாது. செப்டம்பர் 9-ஆம் தேதி எலும்பு நிபுணரைப் பார்க்கும்போது உங்கள் வீட்டுக்காரர் தம் வாயாலேயே நடந்ததைச் சொல்லட்டும். எந்தத் தேதி, எத்தனை மணி, குலை எந்தப் பக்கம் விழுந்தது, முதலில் ஏன் வேறு மாதிரி சொன்னார், யார் சொல்லச் சொன்னது. அதை அன்றைய குறிப்பில் எழுதும்படி மரியாதையாகக் கேளுங்கள். பழைய குறிப்பும் இருக்கும், புதிய குறிப்பும் இருக்கும். இரண்டையும் சேர்த்து வாசிக்கிறவருக்குக் கதை புரியும். அதன் பிறகு சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் ஒரு சத்தியப் பிரமாணம் எடுத்து, அதிலும் இதையே எழுதுங்கள். போலீஸ் நிலையத்தில் ஒரு ரிப்போர்ட்டும் கொடுத்து வையுங்கள். மூன்று இடத்திலும் ஒரே விவரம் இருக்கட்டும். கோபத்தில் கூடக்குறையச் சொல்லவேண்டாம்.

பொய் சொன்னதற்காகப் பிடிப்பார்களா என்று கேட்டீர்கள். பயமுறுத்தியதால் ஆஸ்பத்திரியில் காரணத்தை மாற்றிச் சொன்ன ஒரு தொழிலாளியைப் பிடித்து வழக்குப் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சொக்சோ பாரத்தில் பொய் எழுதுவது குற்றம். ஆகவே அதில் எதையும் மறைக்காதீர்கள். ‘முதலில் வீட்டில் விழுந்ததாகச் சொன்னோம், காரணம் இது’ என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். சொக்சோ அதிகாரி எப்படியும் ஆஸ்பத்திரிக் குறிப்பைத் தேடிப் பார்ப்பார். அவர் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீங்கள் சொல்லிவிட்டால் அது உங்களுக்குச் சாதகம்.

பக்கத்தில் நின்று பார்த்தவர் யாராவது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவர் கூட நின்றிருந்தால், அவர் சாட்சி சொல்லப் பயப்படுவார். முறையான பெர்மிட்டோடு வேலை செய்கிறவர் என்றால் 2019 ஜனவரியிலிருந்து அவருக்கும் இதே சொக்சோ பாதுகாப்பு உண்டு என்று சொல்லுங்கள். நாளைக்கு அவர் தோளிலும் குலை விழலாம். கட்டாயப்படுத்தவேண்டாம். சாட்சி இல்லாமலும் சொக்சோ விசாரிக்கும்.

இனி ஒட்டுக்கடையில் பார்த்த அந்த ஆள். ‘ஜெயித்தால் பாதி’ என்று பேசினாரே, வழக்கில் ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் ஒப்பந்தம் போடுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. அப்படிப் பேசுகிறவர் கொண்டுவரும் வக்கீலிடம் உங்கள் அசல் தாள் எதையும் கொடுக்காதீர்கள். தோட்டத்தின் மேல் லட்சத்துக்கு வழக்கு என்பதும் நடக்காது. சொக்சோவின் கீழ் வரும் வேலை விபத்துக்கு முதலாளி மேல் தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட அந்தச் சட்டமே தடை விதித்திருக்கிறது. அதற்குப் பதிலாகத்தான், யார் தப்பு என்று நிரூபிக்காமலே தொழிலாளிக்குப் பணம் கிடைக்கிறது. உங்கள் வீட்டுக்காரர் சரியான இடத்தில் நிற்கவில்லை என்று குத்தகையாளர் சொன்னாலும் சொக்சோ பணம் அதனால் நின்றுபோகாது. நல்ல பேரமா என்று கேட்டால், கோர்ட்டு வாசலில் காத்திருக்க வசதியில்லாத தோட்டக் குடும்பத்துக்கு நல்ல பேரம் என்றே சொல்வேன்.

ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போடுவது வேறு கதை. அதற்குச் சட்டத்தில் தடை இல்லை, நேரமும் இருக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரி என்றால் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி 36 மாதத்துக்குள் வழக்குப் பதிவாக வேண்டும். தனியார் கிளினிக் என்றால் ஆறு வருஷம். ஆகவே இதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் கஷ்டம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை கொடுப்பதிலும் டாக்டர் தவறினாரா என்பதை, அதே துறையில் பொறுப்புள்ள மற்ற டாக்டர்கள் அந்த நிலைமையில் என்ன செய்திருப்பார்கள் என்பதை வைத்தே நீதிமன்றம் பார்க்கும். ஆபத்துகளை நோயாளிக்கு எடுத்துச் சொன்னாரா என்பதற்கு மட்டும் வேறு அளவுகோல், நோயாளி எதைத் தெரிந்துகொள்ள விரும்பியிருப்பார் என்பது. 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிட்டது. உங்கள் குறை முதல் வகை. எதிர்த்தரப்பின் முதல் கேள்வியே ‘எங்களிடம் என்ன சொன்னீர்கள்?’ என்பதாகத்தான் இருக்கும். அதற்கு உங்களிடம் நல்ல பதில் இல்லை.

நேரத்தையும் பாருங்கள். இந்த நாட்டில் நோயாளியின் உரிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மேற்கோள் காட்டும் ஃபூ ஃபியோ நா வழக்கில், அந்தப் பெண் கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனது 1982. கழுத்து அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைகால் செயலிழந்துவிட்டது. இறுதித் தீர்ப்பு வந்தது 2006 டிசம்பர். இப்போது அவ்வளவு இழுப்பதில்லை என்றாலும், இன்னொரு எலும்பு நிபுணர் சாட்சி சொல்ல வரவேண்டும், அதற்குச் செலவு இருக்கிறது, தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் உங்கள் மேல் விழலாம்.

அதற்காகச் சும்மா இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. முழு மருத்துவ அறிக்கைக்கு இப்போதே விண்ணப்பித்து வாங்கி வையுங்கள், சொக்சோவுக்கும் அது தேவைப்படும். நாலு நாள் தாமதத்தால் நரம்புக்கு ஏதாவது கூடுதல் கெடுதல் வந்ததா என்று எலும்பு நிபுணரிடம் நேரடியாகக் கேளுங்கள். ‘இல்லை, குலை விழுந்தபோதே நரம்பு போய்விட்டது’ என்று அவர் சொன்னால் வழக்கில் ஒன்றுமில்லை. ‘ஆமாம்’ என்றால் அறிக்கையோடு என்னையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ வந்து பாருங்கள். காத்திருக்க வைத்தது, சரியாக முகம் கொடுத்துப் பேசாதது போன்ற குறைகளுக்கு வழக்கு வேண்டாம். ஆஸ்பத்திரி இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினால் பதில் சொல்ல வேண்டிய கடமை அவர்களுக்கு இருக்கிறது.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு ஒரு வார்த்தை. சொக்சோவின் தற்காலிக இழப்பு உதவியைப் பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக்கூடாது. அப்படியும் ‘இனிமேல் வரவேண்டாம்’ என்று சொன்னால் அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள், 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் புகார் செய்யவேண்டும். ஒவ்வொரு எம்.சி. வாங்கியதும் 48 மணி நேரத்துக்குள் அதைப் படமெடுத்துக் குத்தகையாளருக்கு அனுப்பிவிடுங்கள். ‘சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வரவில்லை’ என்று சொல்ல அவருக்கு இடம் வைக்காதீர்கள். அவர் பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, நீல டிக் போதும்.

9-ஆம் தேதி ஈப்போவுக்குப் போகத்தான் போகிறீர்கள். காலையில் டாக்டரைப் பார்த்து முடித்ததும், அதே பஸ் செலவில் மதியம் ஈப்போ சொக்சோ அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். போராங் 34 (34-ஆம் எண் பாரம்) என்று கேளுங்கள். முதலாளி கையெழுத்துப் போட மறுக்கிறார் என்று முகப்பிலேயே சொல்லிவிடுங்கள், அவர்கள் அதற்கு வழி சொல்வார்கள். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், எல்லா எம்.சி.யும், அப்பாயின்மெண்ட் அட்டை, ஆபரேஷன் தாள்கள், போலீஸ் ரிப்போர்ட், குலைச் சிட்டை, குத்தகையாளர் கொடுத்த அந்தத் தாளின் படம், இத்தனையும் ஒரு பையில் இருக்கட்டும். அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு நகலின் மேல் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். புகாருக்கு ஜூன் சம்பள விவரத்தைத் தனித் தாளில் எழுதி வையுங்கள், அடுத்த நாளே தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.